கணவாய்க்குக் கீழே ஒன்பது பேர்

அத்தியாயம் பதினேழு

பாஃபோலி சார் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். எல்லோரும் லெபூசாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அவனைத் தாண்டிப் போய் அவன் தங்கை லிபுவோவின் கழுத்தில் அதை மாட்டினார். போன வாரம் அந்த இடத்தில்தான் அவர்களை விட்டு வந்தோம்.

“நாளைக்கு லிபுவோ தலைமை” என்று மட்டும் சொன்னார் சார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலில் கை தட்டியவன் லெபூசாதான்.

அந்தக் கைதட்டல் லிபுவோவை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

பதினேழு வயது முடியப் போகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய மதிப்பெண் அட்டையில் ஒரே வாசகம்தான் வருகிறது: நன்றாகப் படிக்கிறாள், பேசுவதில்லை. அவள் பெயருக்கு அர்த்தமோ பேச்சு. அதுவும் ஊர்ப்பேச்சு. பையன்களுக்குக் கேலி செய்ய அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

எதற்காக இந்தப் பெயர் என்று வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அம்மா அடுப்பில் சோளக்கூழ் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தவுமில்லை, திரும்பவுமில்லை. அப்பா அப்போது எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் இருந்தார். போன குளிர்காலத்தில் அவர் நெஞ்சு நிறையத் தூசியோடு வீடு திரும்பி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் படும் சுவரோரம் உட்கார ஆரம்பித்த பிறகு, அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வார்த்தை பேசினாலே அவருக்கு இருமல் வந்தது.

விடிந்தபோது கூடாரத் துணி பலகை மாதிரி விறைத்திருந்தது. செப்டம்பர் கடைசி வாரம், இந்த நாட்டில் குளிர்காலம் முடியும் நேரம். கீழே சமவெளி ஊர்களில் பீச் மரங்கள் பூத்து உதிரத் தொடங்கிவிட்டன. இங்கே ஓடையின் இரு கரையிலும் இன்னும் பனிக்கட்டி விளிம்பு கட்டியிருந்தது.

ஆறு மணிக்குப் பாஃபோலி சாரும் இன்னொரு சாரும் வண்டியைக் கிளப்பினார்கள். மலையைச் சுற்றிப் போக மூன்று மணி நேரம். தபா இன்ட்ஷோ கணவாயின் அந்தப் பக்கம், ஆற்றுப் பாலத்தில் அவர்கள் காத்திருப்பார்கள். பத்து மாணவர்களும் தாங்களாகவே கணவாய் ஏறி இறங்கி நாலு மணிக்குள் அங்கே வந்து சேர வேண்டும். மூன்று நாள் மலைநடையில் பெரியவர்கள் கூட வராத நாள் இது ஒன்றுதான்.

“வழியில ஏதாவது சரியில்லைன்னா என்ன சார் செய்யறது?” என்று லிபுவோ கேட்டாள்.

இன்ஜின் சத்தத்தில் சாருக்குக் கேட்கவில்லை. “என்னம்மா?”

“ஒண்ணுமில்லை சார்.”

“வழியில ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யறதுன்னு கேக்கறா சார்” என்றான் லெபூசா.

“தலைவி முடிவு பண்ணணும். மத்தவங்க கேக்கணும்.” சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

கூடாரங்களை மடித்துக் கட்டி முடித்ததும் லிபுவோ, “கிளம்பலாம்” என்றாள். ஒருவரும் அசையவில்லை.

“டேய், யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றான் பிட்சோ. வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைப்பது அவன் வேலை. “காத்தாத்தான் இருக்கும்.”

“கிளம்புங்கடா” என்றான் லெபூசா. ஒன்பது பேரும் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

அவன் தங்கையின் பக்கத்தில் வந்து நடந்தான். “நீ ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கறே? என் காதுல சொல்லு. நான் அவங்களுக்குச் சொல்றேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்?”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவளும் சரி என்று தலையாட்டினாள்.

இரண்டு வயது மூத்தவன் அவன். ஆண்பிள்ளை ஆகும் சடங்குக்காக ஐந்து மாதம் மலைக்குப் போய், புதுக் கம்பளியும் புது நடையுமாகத் திரும்பி வந்தவன். அந்த இடைவெளியில் படிப்பில் பின்தங்கி, இப்போது தங்கையோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அந்த ஐந்து மாதமும் வீட்டு ஆடுகளை மேய்த்தது லிபுவோ. பெண்பிள்ளை கோலெடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போகிறாள் என்று ஊர் சிரித்தது. ஒருநாள் மேட்டில் எதிர்பாராமல் பனி கொட்டி நாலு குட்டிகள் செத்துப் போயின. கத்திக்கொண்டிருந்தவரை பிழைத்திருந்தன. கத்துவதை நிறுத்திய குட்டிகள்தான் செத்தன. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. செத்ததற்கு அம்மா திட்டியதோடு அந்தக் கதை முடிந்துபோயிற்று.

இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. “தண்ணி குடிக்கச் சொல்லு” என்று அவள் முணுமுணுப்பாள். “தண்ணி குடிங்க” என்பான் லெபூசா. “மொசேலே பின்தங்கறா, மெதுவாப் போகச் சொல்லு” என்பாள். “மெதுவாடா” என்பான். விசில் அவள் கழுத்தில் தொங்கியது; தலைமை அவன் வாயில் இருந்தது. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஒரு கிடைக் குடிலைக் கடந்தார்கள். கல்லை அடுக்கிக் கட்டி மேலே புல் வேய்ந்த வட்டமான சின்னக் குடில். கிடைக்காரர்கள் ஆடுகளோடு கீழே இறங்கிவிட்ட காலம் அது. இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் மேலே வருவார்கள். கதவுக்குப் பதில் ஒரு தகரம் சாத்தியிருந்தது. லிபுவோ அதைத் திறந்து பார்த்தாள். மூலையில் வறட்டி அடுக்கியிருந்தது.

“வீடு வாங்கப் போறியா?” என்றான் பிட்சோ. அவள் தகரத்தைச் சாத்தினாள்.

பத்து மணிக்குக் காற்று திரும்பி, தெற்கிலிருந்து குளிராக வீசியது. கணவாயின் மேல் படிந்திருந்த மேகம் சரிவில் இறங்கத் தொடங்கியது. முதலில் மாவு தூவினாற்போல் இரண்டு மூன்று துகள். கால் மணி நேரத்தில் முன்னால் போகிறவனின் முதுகுப்பை மட்டும்தான் தெரிந்தது.

லிபுவோ வரிசையின் கடைசிக்குப் போய் மொசேலேயைப் பார்த்தாள். பத்துப் பேரில் சின்னப் பெண் அவள். அக்காவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே காலுறை நனைந்துவிட்டது. காலையிலிருந்து குளிருது குளிருது என்று புலம்பிக்கொண்டே வந்தவள் இப்போது வாயைத் திறக்கவில்லை.

“மொசேலே, குளிருதா?”

“இல்லை அக்கா.” உதடு நீலமாக இருந்தது. “தூக்கம் வருது.”

 லிபுவோ முன்னால் ஓடினாள்.

“திரும்பணும்” என்றாள் அண்ணனின் காதருகே. “கிடைக் குடிலுக்கு.”

“பைத்தியமா உனக்கு? கணவாய் அதோ இருக்கு. அரை மணி நேரம்.”

“அதோன்னா எங்கே?”

அவன் நீட்டிய விரலுக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

“மொசேலே தாங்க மாட்டா. திரும்பச் சொல்லு அண்ணா.”

லெபூசா வரிசையைப் பார்த்துத் திரும்பினான். “நின்னாத்தான் குளிரும். வேகமா நடங்கடா. மேல ஏறிட்டா அப்புறம் இறக்கம்தான்.”

காலையிலிருந்து முதல் முறையாக, அவள் சொன்னதை அவன் சொல்லவில்லை.

எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருப்பார்கள். லிபுவோ விசிலை வாயில் வைத்து ஊதினாள். அந்தச் சத்தம் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வரிசை நின்றது.

“திரும்பறோம்” என்றாள். “குடில்ல போய் உக்காரணும். பனி விட்டதும் வந்த வழியா ரோட்டுக்கு இறங்கணும். பாலத்துக்குப் போகப் போறதில்லை.”

குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது. கடைசியில் நின்ற செபாட்டாவுக்குக்கூடக் கேட்டது.

“அவ சொல்றதை விடுங்க” என்றான் லெபூசா. “சார் நாலு மணிக்குப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. திரும்பிப் போனா யாருக்கும் மலைநடைச் சான்றிதழ் கிடையாது.”

“கிடைக்காட்டிப் போகுது.”

“உனக்கென்ன, சொல்லுவே. இத்தனை ஆம்பளைங்க இருக்கோம். ஒரு பொட்டப்பிள்ளை விசில் ஊதினா மலையை விட்டு இறங்கணுமா?”

“சார் விசிலை யாருக்குக் குடுத்தார் அண்ணா?”

அதை அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. ஆனாலும் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். லெபூசாவின் முகம் மாறியது. நேற்றுக் கை தட்டிய முகம் இல்லை இது.

“அப்பா இங்க இருந்தா திரும்பத்தான் சொல்லுவார்” என்றாள் லிபுவோ, அவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

“அப்பான்னு சொல்லாதே.”

“என்ன?”

“எங்க அப்பாவை நீ அப்பான்னு சொல்லாதே. உனக்கு ஏன் இந்தப் பேரு வச்சாங்கன்னு தெரியுமா? அவர் சுரங்கத்துக்குப் போனவர் லீவுலகூட வரலை. பதினாலு மாசம் கழிச்சுப் பொறந்தவ நீ. ஊரே பேசுச்சு. அதனாலதான் லிபுவோ. அவருக்கும் உனக்கும் ஒண்ணுமில்லை.”

பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. பிட்சோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லிபுவோவுக்கு முதலில் காதுதான் சுட்டது. பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கூழைக் கிளறுவதை நிறுத்தாத அம்மாவின் முதுகு. கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் லெபூசாவுக்குச் சட்டையும் தனக்குப் புத்தகமும் வாங்கி வந்த அப்பா. கல்யாண வீட்டில் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திய அத்தைமார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும் இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது.

உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிடலாம்.

வரிசையின் கடைசியில் மொசேலே ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“அதை வீட்ல பேசிக்கலாம்” என்றாள் லிபுவோ. “இப்ப மொசேலேயோட பையை யார் தூக்கறது?”

 பிட்சோ கீழே இறங்கி வந்தான். மொசேலேயின் பையைக் கழற்றித் தன் மார்பில் மாட்டிக்கொண்டான். முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று. “சொல்லு, எந்தப் பக்கம்?” என்றான். அதில் கேலி இல்லை.

“முன்னால போறவங்க போர்த்தியிருக்கற கம்பளியைப் பிடிச்சுக்கணும். யாரும் கையை விடக் கூடாது. மொசேலே எனக்குப் பின்னால.”

“நான் பாலத்துக்குப் போறேன்” என்றான் லெபூசா. “போய் சாரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்க குடில்ல உக்காந்து அழுங்க.”

அவன் மேலே ஏற ஆரம்பித்தான். செபாட்டா அவன் பின்னால் இரண்டு அடி வைத்தான்.

“செபாட்டா, நில்லு. இங்க வா.”

செபாட்டா நின்றான். தன் கால் ஏன் நின்றது என்று அவனுக்கே புரியாதது போல முழித்தான். பிறகு திரும்பி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டான்.

இன்னொரு பெயரையும் அவள் கூப்பிட்டிருக்கலாம். விசில் உதட்டிலேயே இருந்தது. லெபூசா ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தான். அவனும் அதை எதிர்பார்த்தானோ என்னவோ. லிபுவோ உதட்டை இறுக்கிக்கொண்டாள். பழுப்புக் கம்பளி மங்கியது. பிறகு அது இருந்த இடத்திலும் பனி விழுந்தது.

ஒன்பது பேர் கீழே இறங்கினார்கள். ஏறும்போது முக்கால் மணி ஆன தூரத்துக்கு இப்போது ஒன்றரை மணி ஆனது. வந்த காலடிகளைப் பனி மூடிவிட்டது. லிபுவோ சரிவில் நீர் இறங்கும் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆடுகள் இறங்குவது அப்படித்தான். தகரம் அவள் நெற்றியில் இடித்தபோதுதான் குடில் வந்துவிட்டது தெரிந்தது.

உள்ளே ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தால்தான் இடம். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர்களும் செய்தார்கள்.

“ஈரக் காலுறையைக் கழட்டுங்க. வெக்கப்பட வேண்டாம். மொசேலேயை நடுவுல விடுங்க, ரெண்டு பக்கமும் ஒட்டி உக்காருங்க. பேசிக்கிட்டே இருங்க அவகிட்ட. தூங்க விடாதீங்க. பிட்சோ, உன் கதையெல்லாம் இப்பச் சொல்லு.”

“எந்தக் கதை? எங்க சித்தப்பா கழுதைக்குச் சட்டை தைச்ச கதையா?”

“அதையே சொல்லு.”

வறட்டி புகைந்து புகைந்து ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் கண் எரிந்தது. அழுகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது. சர்க்கரை போட்ட வெந்நீரை மொசேலேக்கு மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். பாதி கழுதைக் கதையில் அவள், “குளிருது” என்று முனகினாள். அதைக் கேட்ட பிறகுதான் லிபுவோ மூச்சு விட்டாள்.

பிறகு அவள் தகரத்தை விலக்கி வெளியே போய் நின்றாள். மூன்று முறை விசில் ஊதினாள். காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. நூறு வரை எண்ணி மறுபடி ஊதினாள்.

பன்னிரண்டரை மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. விசில் குளிரில் உதட்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலை எடுத்தது.

பிட்சோ அவள் பக்கத்தில் வந்து நின்றான். “நானும் செபாட்டாவும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துட்டு வரோம்.”

“வேண்டாம்.”

“உன் அண்ணன் லிபுவோ அவன்.”

“தெரியும்.”

“அவன் அப்படிச் சொன்னதுக்காகவா...”

“இல்லை.” அவள் விசிலை உதட்டிலிருந்து எடுத்தாள். “உங்க ரெண்டு பேரையும் அனுப்பினா உங்களைத் தேட இன்னும் ரெண்டு பேரை அனுப்பணும். என்னையும் சேர்த்து இங்க இருக்கறது ஒன்பது. ஒன்பது பேரையும் கீழே கொண்டுபோய் விடணும். உள்ளே போ. தகரத்தைச் சாத்திக்கோ.”

பிட்சோ போய்விட்டான். சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் முழுக்கச் சரியா என்பதுதான் தெரியவில்லை. வேறு யாராவது மேலே ஏறியிருந்தால் கூப்பிட்டிருப்பாள். தடுத்திருப்பாள். கம்பளியைப் பிடித்து இழுத்திருப்பாள். அண்ணனை மட்டும் போகட்டும் என்று விட்டாள். அந்த ஒரு நிமிஷம் அவன் தன் கண்ணில் படாமல் போனால் போதும் என்று இருந்தது.

அவள் மறுபடி ஊதினாள்.

மூன்று மணிக்குப் பனி நின்றது. மேகம் கொஞ்சம் உயர்ந்து கணவாயின் விளிம்பு தெரிந்தது. அந்தச் சரிவு முழுக்க ஒரு புள்ளி கிடையாது.

கீழே இறங்க இரண்டு மணி நேரம் ஆனது. மொசேலேயால் நடக்க முடியவில்லை. ஒரு கம்பளியில் அவளைப் படுக்க வைத்து நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நூறு அடிக்கு ஒரு முறை லிபுவோ ஆளை மாற்றினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. “மாத்து” என்பாள், மாற்றுவார்கள். வழியில் ஒரு பாறைத் திட்டில் இடதா வலதா என்று எல்லோரும் தயங்கியபோது அவளைத்தான் பார்த்தார்கள். ஒன்பது மாதம் ஒரே வகுப்பில் இருந்தும் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் அது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும்.

சாலையோரக் கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. கடைக்காரம்மா எதையும் கேட்காமல் தேநீர்ப் பானையை அடுப்பில் ஏற்றினாள். பத்து நிமிஷத்தில் பள்ளி வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. பாஃபோலி சார் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினார். கணவாயில் மேகம் விலகாததை மதியம் தாண்டும் வரை பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, இன்னொரு சாரை அங்கே நிறுத்திவிட்டு மலையைச் சுற்றி ஓட்டி வந்திருந்தார்.

அவர் விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஒன்பது” என்றாள் லிபுவோ. “அண்ணன் கணவாய் வழியாப் பாலத்துக்குப் போனான் சார். பதினோரு மணிக்கு முன்னாடி. வரலையா?”

சார் கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அவர் பேசியது இரண்டே வார்த்தை. திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டியின் முன்கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கினாள்.

அம்மா இங்கே எப்படி வந்தாள் என்று லிபுவோவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அம்மாவின் கண் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. மா-லெபூசா. லெபூசாவின் தாய். கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்ததிலிருந்து ஊரில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

“அண்ணன் எங்கே?”

“மேல இருக்கான்மா.”

அம்மா மலையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பிப்பது மாதிரி மெதுவாகச் சொன்னாள். “அப்பாவுக்கு விடியக்காலையிலேயே மூச்சு முட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. இன்னைக்கு நீங்க பாலத்துக்கு வருவீங்கன்னு தெரியும். உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் அங்க வந்து உக்காந்திருந்தேன்.” மகளைப் பார்த்தாள். “கண்ணு முழிக்கறப்பல்லாம் உன் பேரைத்தான் சொல்றார். உன்கிட்ட என்னவோ சொல்லணுமாம்.”

லிபுவோ கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் செய்தி பரவி, பக்கத்து ஊரிலிருந்து நாலு ஆண்கள் இரண்டு மட்டக் குதிரைகளோடு வந்துவிட்டார்கள். கையில் கயிறும் விளக்கும் இருந்தன. இருட்ட இன்னும் முக்கால் மணிதான் இருந்தது.

“எந்த இடத்துல பிரிஞ்சான்?” என்று சார் கேட்டார். “இடத்தைச் சொல்லிட்டு நீ வண்டியில ஏறும்மா. அம்மாவும் நீயும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. மொசேலேயையும் அங்கதான் கொண்டு போகணும். கடைக்காரம்மாவோட மகன் ஓட்டுவான். மத்தவங்க இங்க கடையிலேயே இருக்கட்டும். நான் இவங்களோட போறேன்.”

லிபுவோ வண்டியைப் பார்த்தாள். முன்சீட்டில் இடம் இருந்தது. நாலைந்து மணி நேரத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடலாம். அவர் சொல்ல நினைத்ததை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம். காலைக்கு மேல் அவர் இருப்பாரா என்று யாரும் சொல்லவில்லை.

“வாயால சொன்னாப் புரியாது சார்” என்றாள். “அந்தச் சரிவுல எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருக்கும். நான் வந்து காட்டணும்.”

“நீ காலையிலேர்ந்து நடந்திருக்கே.”

“குதிரை இருக்கே. எனக்கு ஏறத் தெரியும்.”

சார் அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளின் அருகில் வந்தாள். தன் கம்பளியின் ஊக்கைக் கழற்றி, அதை லிபுவோவின் ஈரக் கம்பளிக்கு மேல் போர்த்தி, ஊக்கைக் குத்தினாள். இரண்டு முறை தவறியது.

“அவன் ஏன் தனியாப் போனான்?”

“எங்களுக்குள்ள சண்டைம்மா.”

“நீ தடுக்கலையா?”

“கூப்பிட்டிருந்தா நின்னிருப்பான்.” லிபுவோ அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “நான் கூப்பிடலை.”

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அம்மா ஊக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, “அவனைக் கூட்டிட்டு வா” என்றாள். “ரெண்டு பேருமா வாங்க. நானே சொல்லிடறேன்.”

மொசேலேயைப் பின்சீட்டில் ஏற்றி முடித்திருந்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்காமல் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டியின் பின்விளக்கு வளைவில் மறைந்தது.

முன்னால் லிபுவோவின் குதிரை, பின்னால் விளக்கோடு ஆண்கள். முதல் ஏற்றம் முடிந்து பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒருவர், “எந்தப் பக்கம்மா?” என்றார்.

“இடது பக்கம்” என்றாள். கடைசியில் வந்தவருக்கும் கேட்டது.

குடிலின் புல்கூரை விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் பட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. எதைப் பற்றிச் சண்டை என்று அம்மா கேட்கவே இல்லை.